சமையலறையை இரண்டாவது முறை உடைத்தவர்கள் இங்கே யாராவது உண்டா?

வாசல்படி, மதுரை

2009-இல் வீடு கட்டியபோது பழக்கூடை படம் போட்ட டைல்ஸ். அப்போது எல்லோர் வீட்டிலும் அதுதானே! 2018-இல் அந்தத் திராட்சைக் கொத்தைப் பார்த்தாலே எரிச்சல் வந்தது. சுவர் முழுக்க வெள்ளையாக்கினேன். இப்போது அதுவும் ஆஸ்பத்திரி போலத் தோன்றுகிறது. காரைக்குடிப் பக்கம் ஒரு கல்யாணத்துக்குப் போய் வந்ததிலிருந்து ஆத்தங்குடிக் கல் மீது கண்.

போன புதன்கிழமை உடைக்க ஆள் வந்தது. தெரிந்தவர் ஒருவர் அனுப்பிய கொத்தனார், வயதானவர். உளியைக் கையில் எடுத்தவர் சுவரில் வைக்கவில்லை. ஜன்னல் மூலையில் சேர்த்திருந்த ஒல்லியான டைல்ஸ் துண்டை விரலால் தடவினார். "இந்தச் சுவர் கோணல் அம்மா. மேலே போகப் போக அரை அங்குலம் விலகும். கண்ணுக்குத் தெரியக் கூடாது என்று இதை நான்தான் சீவி வைத்தேன்" என்றார். எனக்கு அவர் முகமே நினைவில்லை. ஏழெட்டு நாள் என் வீட்டில் டீ குடித்த மனிதர்.

பிறகு பேசவில்லை, உடைத்தார். டைல்ஸ் பெயர்ந்து வரவே இல்லை, சில்லுச் சில்லாகத்தான் வந்தது. அவ்வளவு நன்றாக ஒட்டியிருந்தது. மாலையில் முழுதாகத் தப்பிய ஒன்றைக் குழாயடியில் கழுவி, துண்டில் சுற்றி, சைக்கிள் கேரியரில் வைத்துக்கொண்டு போனார். எதற்கென்று நான் கேட்கவில்லை. கேட்டிருக்கலாமோ என்று அன்றிலிருந்து ஓர் உறுத்தல்.

மிளகுரசம்

வெள்ளை ஆஸ்பத்திரி போல என்பதை ஒப்புக்கொள்ள மாட்டேன். எங்கள் வீட்டில் மேடையே வெள்ளைதான், குவார்ட்ஸ். அதற்கு முன் நான்கு வருடம் பழுப்பு கிரானைட், அதற்கும் முன் பச்சை. வெள்ளைக்கு வந்த பிறகுதான் மனது அடங்கியது.

ஆனால் அந்தத் தீபாவளி. மாமியார் முறுக்குச் சட்டியை எண்ணெயோடு அடுப்பிலிருந்து இறக்கி, ஐம்பது வருடப் பழக்கத்தில் நேராக மேடையில் வைத்தார். குவார்ட்ஸ் முழுக் கல் இல்லை, கல்தூளையும் பிசினையும் சேர்த்து அழுத்திச் செய்வது, கொதிக்கும் சட்டியைத் தாங்காது என்பதெல்லாம் எனக்கே அன்றுதான் தெரிந்தது. இட்லித் தட்டு அளவில் ஒரு மஞ்சள் வளையம். நான் ஒரு வார்த்தை சொல்லவில்லை, சத்தியமாக. முகம் சொல்லிவிட்டது போலிருக்கிறது. இப்போது தண்ணீர்ச் செம்பை வைப்பதானாலும் கையில் பிடித்தபடி நின்று, "இதை எங்கே வைக்கட்டும்?" என்று கேட்கிறார்.

பழைய ஓவர்சியர்

வாசல்படி அம்மாவுக்கு. ஆத்தங்குடிக் கல்லை அடுப்புக்குப் பின்னால் ஒட்டாதீர்கள். அது சூளையில் சுட்டது இல்லை. கண்ணாடிப் பலகையில் வண்ணச் சிமெண்டை ஊற்றி, மேலே மணலும் சிமெண்டும் போட்டு அழுத்தி, தண்ணீரில் ஊறவைத்துக் காயவைப்பது. புளித்தண்ணீரும் எலுமிச்சையும் பட்டால் அரிக்கும், மஞ்சளைக் குடித்துவிடும். கனமும் அதிகம். தரையில் போடுங்கள், கால் பட்டுப் பட்டு மினுங்கும்.

மிளகுரசத்துக்கு: அடுப்பின் இரு பக்கமும் ஒன்றரை அடிக்குக் கருப்பு கிரானைட் பதித்திருந்தால் வளையம் வந்திருக்காது. அலங்காரத்தை மட்டும் பார்த்தால் இப்படித்தான்.

எல்லோருக்கும் பொதுவாக: மேடை உயரத்தைக் கடைக்காரர் சொல்லக் கூடாது. சமைப்பவர் முழங்கையை மடக்கி நிற்க வேண்டும், அதிலிருந்து நான்கைந்து அங்குலம் கீழே மேடை. தொட்டிக்குக் கீழே உள்ள அலமாரிக்கு ஐ.எஸ். 710 முத்திரை உள்ள, தண்ணீரைத் தாங்கும் பிளைவுட் கேளுங்கள், மற்ற இடத்துக்கு ஐ.எஸ். 303 என்ற சாதாரண ரகம் போதும். சிலிண்டரை அலமாரிக்குள் மறைப்பவர்கள் கதவின் அடிப்பகுதியில் துளை விடுங்கள். சமையல் வாயு காற்றைவிடக் கனமானது, கசிந்தால் தரையில்தான் தேங்கும். பழைய டைல்ஸ் மேலேயே புதிய டைல்ஸ் ஒட்டித் தருகிறோம் என்பார்கள். சுவரில் சரி. தரையில் செய்தால் மட்டம் உயர்ந்து கதவு இடிக்கும், பிறகு கதவை அறுப்பீர்கள்.

என் அனுபவம்: 1994-இல் கட்டிய வீடு, கடப்பைக்கல் மேடை. இன்றுவரை அதுதான். மனைவிக்கு மாற்ற ஆசை இருந்தது. நான் சம்மதிக்கவில்லை.

கிணற்றடி

ஐயா, இத்தனை அளவு சொன்னீர்கள், நன்றி. ஆனால் உங்கள் அனுபவம் அந்தக் கடைசி மூன்று வரிதான், அதை ஏன் அவ்வளவு வேகமாக முடித்துவிட்டீர்கள்?

எங்கள் அப்பாவும் மாற்ற விடவில்லை. சிவப்பு ஆக்சைடு தரை, புகை படிந்த சுண்ணாம்புச் சுவர், கதவில்லாத கடப்பைக்கல் தட்டுகள். அம்மா தை பிறப்பதற்கு முன் கடைத்தெருவுக்குப் போய் தட்டில் விரிக்கும் பிளாஸ்டிக் விரிப்பை மீட்டர் கணக்கில் வாங்கி வருவார். ஒரு வருடம் ரோஜா, ஒரு வருடம் நீலக் கட்டம், ஒரு வருடம் மாம்பழம். ஓரத்தை அலை அலையாகக் கத்தரித்துத் தொங்கவிடுவார். வேலை முடிந்ததும் வாசற்படியில் நின்று ஐந்து நிமிடமாவது பார்ப்பார், யாரோ வேறொருவர் வீட்டைப் பார்ப்பது போல. அந்தச் சமையலறையில் அவர் விருப்பப்படி இருந்தது அந்த நான்கு விரல் அகலம் மட்டும்தான். என் வீட்டில் மாடுலர் அலமாரி போட்டபோது அவரிடம் நிறம் கேட்டேன். "எதுவானாலும் சரி" என்றார். அடுத்த முறை வந்தபோது என் அலமாரிக் கதவுகளுக்குள்ளே, யார் கண்ணுக்கும் படாத தட்டுகளில், சூரியகாந்தி விரிப்பு போட்டிருந்தார்.

வாடகைவாசி

நமக்கெல்லாம் ஸ்டிக்கர்தான். வெள்ளிக் காகிதம் போன்ற எண்ணெய் படாத ஸ்டிக்கரை இரண்டு வருடத்தில் மூன்று டிசைன் மாற்றி ஒட்டினேன். காலி செய்யும்போது உரித்தால் பெயிண்டோடு பூச்சும் கையோடு வந்தது. அட்வான்ஸில் எட்டாயிரம் போயிற்று. இந்த வீட்டில் ஓவர்சியர் ஐயா சொன்ன உயரம் எல்லாம் கிடையாது, நான் குனிந்துதான் நறுக்குகிறேன்.

பழைய ஓவர்சியர்

கிணற்றடிக்கு: மனைவி காலமாகி இரண்டு வருடம் ஆகிறது. அதனால்தான் முடித்துவிட்டேன். வாடகைவாசிக்கு: வெட்டும் பலகைக்குக் கீழே இரண்டு அங்குலக் கட்டை வைத்துப் பாருங்கள், இடுப்பு வலி குறையும்.

வாசல்படி, மதுரை

ஐயா, மன்னிக்க வேண்டும், தெரியாமல் எல்லோரும் பேசிக்கொண்டிருக்கிறோம்.

ஆத்தங்குடியைத் தரைக்கு மாற்றிவிட்டேன், சுவருக்குச் சாதாரண டைல்ஸ், இளம் பச்சை. கொத்தனாருக்கு நேற்று போன் செய்தேன், ஒட்டுவதற்கும் நீங்களே வாருங்கள் என்று. வேறு இடத்தில் வேலை ஒத்துக்கொண்டுவிட்டாராம். "புது ஆளிடம் அந்த ஜன்னல் மூலையை மட்டும் சொல்லிவிடுங்கள்" என்றார். திங்கட்கிழமை புது ஆள் வருகிறார். அரை அங்குலக் கோணலைப் பூச்சிலேயே நேராக்கிவிட முடியுமா, இல்லை, அவர் செய்தது போலத் துண்டு சீவித்தான் வைக்க வேண்டுமா?