பங்குனி பிறந்தால் தலையில் கொத்து

திருவில்லிபுத்தூர்க்காரன்:

பத்து நாளாகக் குடை பிடித்துக்கொண்டு பால் வாங்கப் போகிறேன். மழை இல்லை. காலை ஆறு மணிக்கு வெயிலும் இல்லை. தெருமுனை வேப்பமரத்தில் காகம் கூடு கட்டியிருக்கிறது, அவ்வளவுதான்.

முதல் நாள் யாரோ பின்னந்தலையில் தட்டியது போலிருந்தது. திரும்பினால் யாரும் இல்லை. இரண்டாவது தட்டில்தான் இறக்கைச் சத்தம் காதோடு கேட்டது. எல்லோரையும் அது கொத்துவதில்லை. பேப்பர் போடும் பையன் அதே மரத்தடியில் சைக்கிளை நிறுத்திக் கதை பேசுகிறான், அவனை விட்டுவிடுகிறது. மாசிக் கடைசியில் எங்கள் மாடியில் துணிக்கொடிக் கம்பியை அது இழுத்தபோது நான் துரத்தினேன். அந்தக் கணக்கைத்தான் தீர்க்கிறது என்பது என் ஊகம்.

அம்மாவிடம் சொன்னதுதான் பிழை. காகம் தலையில் தட்டினால் சனி பிடித்திருக்கிறது என்று சனிக்கிழமை நவக்கிரக சன்னிதிக்கு அனுப்பிவிட்டார். எள் தீபம் ஏற்றி, ஒன்பது சுற்றுச் சுற்றி, நிம்மதியாகத் திரும்பினேன். மரத்தடியில் இன்னொரு கொத்து.

உங்கள் ஊரிலும் இப்படி உண்டா?

மன்னார்குடி அக்கா:

தம்பி, குடையாவது உனக்கு மிச்சம். எங்கள் கொல்லை வேப்பமரத்திலும் கூடு இருக்கிறது. பூ பொறுக்க வேண்டியவள் என்ன செய்வாள்? சித்திரை முதல் நாள் பச்சடிக்கு வேப்பம்பூ வேண்டுமே.

இரவே மரத்தடியைக் கூட்டிப் பழைய வேட்டியை விரித்துவிடுவோம். விடியும்போது வேட்டி முழுக்க வெள்ளை. வாசனை கிணற்றடி வரை வரும். பூவோடு எறும்பும் காம்பும் சருகும் சேர்ந்தே கிடக்கும். முறத்தில் போட்டுப் புடைத்து, காய வைத்தால் ஒரு படிப் பூ ஒரு கைப்பிடியாகச் சுருங்கிவிடும். அந்தக் கைப்பிடிதான் வருடம் முழுக்க ரசத்துக்கு. கடையில் பாக்கெட்டில் விற்பது பாதி காம்பு. அதை வாங்குவதற்குப் பச்சடியே வைக்காமல் இருக்கலாம்.

போன வருடம் காகம் என் மாமியாரைக் குறிவைத்தது. அவர் அலுமினியச் சட்டியைத் தலையில் கவிழ்த்துக்கொண்டு உட்கார்ந்து பொறுக்கினார். காகம் வந்து சட்டியில் 'டங்' என்று ஒன்று போட்டுவிட்டுப் போகும். இவர் நிமிராமலே, "வந்துட்டியாடி" என்பார். எழுபத்தாறு வயது. சனியாவது ஒன்றாவது.

நத்தத்திலிருந்து:

காகத்துக்கெல்லாம் இங்கே நேரமில்லை. மாரியம்மன் கோவில் மாசித் திருவிழாவில் பூக்குழி இறங்கி, கழுமரம் என்கிற வழுக்குமரம் ஏறி முடிந்ததும் ஊர் புளிக்குத் திரும்பிவிடும். ஆட்கள் மரமேறிக் கிளையை உலுக்குவார்கள், எட்டாததைத் துறட்டியால் இழுப்பார்கள். கீழே பெண்கள் சாக்கு விரித்துப் பொறுக்குவார்கள். சாலையோரப் புளியமரங்களின் மகசூலை நெடுஞ்சாலைத் துறை ஏலம் விடுவதால், ஏலம் எடுத்தவர் கண்ணில் படாமல் நாலு பழம் பொறுக்குவது பள்ளிப் பிள்ளைகளின் தனித் திறமை. சாலையை அகலப்படுத்திய இடங்களில் இப்போது ஏலமும் இல்லை, நிழலும் இல்லை.

பிறகு வீட்டுக்கு வீடு திண்ணையில் வேலை. ஓடு உடைத்து, நார் உரித்து, கொட்டை தட்டி எடுக்க வேண்டும். என் அத்தை சுத்தியலைப் பார்க்காமலே தட்டுவார். கண் தொலைக்காட்சியில் இருக்கும், கொட்டை மட்டும் தெறிக்கும், விரலில் ஒரு நாளும் பட்டதில்லை. எனக்கு மூன்றாவது பழத்திலேயே கட்டைவிரல் போய்விட்டது. புதுப் புளி செம்பழுப்பாக இருக்கும். கல்லுப்பு சேர்த்து ஜாடியில் அமுக்கி வைத்தால் வருடம் போகப் போகக் கறுக்கும்.

பள்ளிக்கூடத்தில் வசந்த காலம் என்று கட்டுரை எழுதச் சொன்னார்கள். தென்றல், சோலை, வண்டு என்று எழுதி மதிப்பெண் வாங்கினேன். புளித் தூசியில் வீடே தும்மிக்கொண்டிருந்ததை எழுதவில்லை. ஆனால் ஒன்று சொல்ல வேண்டும், பஸ் நிலையப் புங்கமரம் அழகு. முழுக்க மொட்டையாகி, ஒரே வாரத்தில் எண்ணெய் தேய்த்துக் குளித்த குழந்தை போலத் தளிர்த்து நிற்கிறது. அதன் பூ உதிர்ந்து கிடப்பதைச் சங்கப் புலவர்கள் பொரி என்றார்கள். சரியாகத்தான் பார்த்திருக்கிறார்கள். கூட்டுகிறவரிடம் கேட்டால் வேறு சொல்வார்.

ஓய்வுபெற்ற லைன்மேன்:

முதலில் எழுதிய தம்பிக்கு: உங்களைவிட எங்களைத்தான் காகச் சனி அதிகம் பிடித்திருந்தது. கம்பத்தில் கட்டுகிற கூட்டில் சுள்ளியோடு கட்டுக்கம்பியும் இருக்கும். அந்தக் கம்பி இரண்டு மின்கம்பிகளைத் தொட்டால் தெருவே இருட்டு. ஒரு கூட்டைப் பிரித்தபோது துணிக் கிளிப், மூக்குக் கண்ணாடியின் ஒரு கால், சைக்கிள் ஆரக்கம்பி எல்லாம் கிடைத்தன. கண்ணாடிக்காரர் இரண்டு வீடு தள்ளித்தான் இருந்தார்.

முட்டை இருந்தால் மனம் கேட்காது. பக்கத்து மரக்கிளையில் வைத்துப் பார்ப்போம். பெரும்பாலும் தாய்க்காகம் திரும்பியும் பார்க்காது.

கூட்டைச் சுற்றி ஆண் குயில் கத்துகிறதா என்று கவனியுங்கள். அது காகத்தை இழுத்துக்கொண்டு போக, அந்த இடைவெளியில் பெண் குயில் முட்டையிட்டுவிடும். கறுப்பாக இருப்பது ஆண், பாட்டும் அதனுடையதே. உடம்பெல்லாம் புள்ளியாக இருப்பது பெண், அதற்குக் 'கிக் கிக்' மட்டும்தான்.

திருவில்லிபுத்தூர்க்காரன்:

ஒரு மாதம் கழித்து எழுதுகிறேன். நேற்று மதில்மேல் குஞ்சு உட்கார்ந்திருந்தது. உடம்பெல்லாம் புள்ளி. வாயைப் பிளந்து இறக்கையை உதறிக்கொண்டு நிற்க, என்னைக் கொத்திய அதே காகம் எங்கிருந்தோ இட்லித் துண்டு கொண்டுவந்து ஊட்டியது. நான் குடையை மடக்கி நின்று பார்த்தேன். அந்த அவசரத்திலும் ஒரு கொத்துக் கொத்திவிட்டுத்தான் போனது.

அம்மாவிடம் குயில் குஞ்சு என்று விளக்கினேன். குயிலோ காகமோ, கொத்தியது கொத்தியதுதானே என்கிறார். இந்தச் சனிக்கிழமையும் எள் வாங்க வேண்டும்.