சொந்த மரத்தோடு பட்டறைக்கு வருகிறவர்கள்

கொட்டாப்புளி, பட்டுக்கோட்டை

கொல்லைப்புறத்தில் கொட்டகை போட்டு மரச்சாமான் செய்து விற்கிறேன். மணை, பல்லாங்குழி, நடைவண்டி, புரட்டாசி வந்தால் கொலுப்படி. நானாகச் செய்து வைத்து விற்பதைவிட, "இது எங்க வீட்டு மரம், இதுல ஏதாவது செஞ்சு குடுங்க" என்று வருகிறவர்களால்தான் எனக்கு அதிகம் வேலை. அதிகம் தலைவலியும் அவர்களால்தான். உங்கள் பட்டறைக்கும் வந்திருப்பார்கள். அந்தக் கதைகளைக் கொட்டுங்கள், முதலில் என்னுடையது.

2018 நவம்பர் 16 அதிகாலை கஜா புயல். எங்கள் பக்கம் தென்னை போனதைத்தான் எல்லாரும் பேசுவார்கள். பலா, மா, தேக்கு என்று மற்ற மரங்களும் வேரோடு சாய்ந்தன. பெரும்பாலானவை விறகு விலைக்குப் போய்விட்டன. மனசு வராத சிலர் மட்டும் அடிமரத்தை அறுத்து வீட்டோரம் போட்டு வைத்தார்கள். அப்படிப் போட்டு வைத்த ஒரு அக்கா சில வருடம் கழித்துக் குட்டியானையில் பலாக் கட்டையோடு வந்து இறங்கினார். மாமனார் நட்ட மரமாம். கட்டில் ஒன்று, அது போக மூன்று பிள்ளைகளுக்கும் ஆளுக்கொரு பொருள் வேண்டும் என்றார்.

கட்டையைச் சுற்றி டேப்பைப் பிடித்தேன். நாலடிச் சுற்று, ஆறடி நீளம். சுற்றளவை நாலால் வகுத்து, வந்ததை அதனாலேயே பெருக்கி, நீளத்தால் பெருக்கினால் 6 கன அடி. மரக்கடைக் கணக்கு அதுதான். பட்டை, அதை ஒட்டிய வெளிறிய வெள்ளை, வெடிப்பு, அறுக்கும்போது வாள் தின்பது எல்லாம் போகப் பாதி தேறினால் பெரிய விஷயம். கட்டில் வராது என்றதும் அக்கா முகம் சுருங்கிவிட்டது. "இவ்வளவு பெரிய மரங்க" என்றார். எல்லாரும் சொல்வதுதான். நிற்கிற மரம் பெரிதாகத்தான் தெரியும்.

கரையான் வெள்ளையை மட்டும் தின்றுவிட்டு, நடுவில் இருக்கிற கெட்டியான வைரத்தைத் தொடாமல் விட்டிருந்தது. சாமில்லில் பிளந்தபோது உள்ளே பளிச்சென்று மஞ்சள். வீணைக்கும் மிருதங்கத்துக்கும் போகிற கட்டை, கேட்கவா வேண்டும். மூன்று மணை, ஒரு அஞ்சறைப் பெட்டி வந்தது. வாங்கிப்போக வந்த அக்கா நிறத்தைப் பார்த்துவிட்டு, "சாயம் ஏத்துனீங்களா தம்பி?" என்றார். வெளிச்சம் பட்டுப் பட்டுப் பழுப்பேறும் என்று பழைய மணை ஒன்றை எடுத்துக் காட்டிய பிறகுதான் நம்பினார். அப்புறம் வழக்கமான கேள்வி: "மரம் எங்களது, வெறும் கூலிக்கா இவ்வளவு?"

ஈரமானி, கோயம்புத்தூர்

அந்தக் கேள்வியைப் பட்டறை வாசலில் எழுதித் தொங்கவிடலாம். எனக்கு வேலை ஐ.டி. கம்பெனியில், பட்டறை மொட்டை மாடியில். ஒரு சார் வேப்பம்பலகைகளோடு வந்தார். சாலையை அகலப்படுத்த வெட்டிய மரம், வெட்டி ஒரு மாதம்கூட ஆகவில்லை. அடுத்த மாதம் கிரகப்பிரவேசம், கூடத்தில் ஊஞ்சல் ஆட வேண்டும். மரம் பச்சை சார், ஆகாது என்று சொன்னேன். "வேம்புக்கு ஒண்ணும் ஆகாது" என்றார். வாக்குவாதம் செய்யாமல் ஈரமானியை அவர் கையிலேயே கொடுத்துக் குத்திப் பார்க்கச் சொன்னேன். 30-ஐத் தாண்டியது. வீட்டுக்குள் புழங்கும் சாமானுக்கு 12 சதவீதம் அளவில் இருக்க வேண்டும் என்றேன். ஒரு இன்ச் கனத்துக்கு ஒரு வருடம் என்பது பழைய ஆசாரிமார் கணக்கு. ஊருக்கு ஊர், மரத்துக்கு மரம் கொஞ்சம் மாறும், ஆனால் ஒரு மாதத்தில் எந்த மரமும் காயாது. காயும்போது நீளம் அநேகமாக அப்படியே நிற்கும், அகலம்தான் சுருங்கும். அதுவும் வருட வளையத்தை ஒட்டிய திசையில், வளையத்துக்குக் குறுக்கே சுருங்குவதைப்போல ஏறத்தாழ இரண்டு மடங்கு சுருங்கும். அகலப் பலகை கோணிக்கொள்வது அதனால்தான். இதையெல்லாம் பேப்பரில் வரைந்தே காட்டினேன்.

மனிதர் கோபித்துக்கொண்டு போகவில்லை. பலகைகளின் இரண்டு முனையிலும் மிச்சப் பெயின்ட் அடித்து, நடுவில் குச்சி வைத்து அடுக்கி, தன் கார் போர்டிகோவிலேயே காயப்போட்டார். கார் வெளியே வெயிலில் நின்றது. கிரகப்பிரவேசத்துக்குப் பித்தளைச் சங்கிலியில் ஒரு பிளைவுட்டை மாட்டி ஒப்பேற்றினாராம். அவ்வப்போது அடுக்கைப் படம் பிடித்து அனுப்பி, "இப்ப ஆகுமா?" என்று கேட்பார். ஒருவழியாக ஊஞ்சல் போட்டாயிற்று. இத்தனை பொறுமையான ஆளை நான் அதற்கு முன் பார்த்ததில்லை. மற்றவர்கள் சரி என்று தலையாட்டிவிட்டு, ஆகும் என்று சொல்கிற வேறு பட்டறைக்குத்தான் போவார்கள்.

பழைய பலகை, காரைக்குடி

எங்கள் ஊரில் பச்சை மரத் தொல்லை இல்லை. வருவதெல்லாம் பர்மா தேக்கு, தாத்தா காலத்திலேயே காய்ந்தது. வீடு இடிபடும், நிலையும் கதவும் உத்திரமும் என் வாசலுக்கு வரும். இல்லாவிட்டால் முனீஸ்வரன் கோவில் தெருவில் இருக்கிற பழஞ்சாமான் கடைகளுக்குப் போகும்.

அண்ணன் தம்பி இரண்டு பேர் ஒன்றாக வந்தார்கள். ஒன்றாக வந்தாலும் ஒருவரோடு ஒருவர் பேசிக்கொள்ளவில்லை. இருவரும் என்னிடமே பேசினார்கள். "அவர்ட்ட கேளுங்க" என்று அண்ணன் சொல்ல, பக்கத்தில் நிற்கிற தம்பியிடம் நான் கேட்க வேண்டும். பாகம் பிரித்ததில் வீட்டின் முன்கதவு இருவருக்கும் பொது. இரட்டைக் கதவு என்பதால் ஆளுக்கொன்று எடுத்து மேசைப் பலகை ஆக்கிவிடலாம், அதில் சண்டை இல்லை. நிலைக்கு மேலே கஜலட்சுமி செதுக்கிய பலகையில்தான் சிக்கல். அதை நடுவில் அறுத்துத் தரச் சொன்னார்கள். லட்சுமியை நடுவில் அறுக்க வேண்டும்! ஆளுக்கொரு யானையாம். என் கை ஓடாது என்று சொல்லிவிட்டேன். "அப்ப வேற ஆளைப் பாக்கறோம்" என்று இருவரும் ஒரே குரலில் சொன்னார்கள். அவர்கள் ஒத்துப்போன ஒரே இடம் அதுதான்.

கடைசியில் அவர்கள் ஆத்தாளுக்குத் தகவல் போய், ஆட்டோ பிடித்து வந்துவிட்டார். "நான் இருக்கற வரைக்கும் அது எங்கிட்ட இருக்கட்டும்" என்று பலகையைத் துணியில் சுற்றி எடுத்துக்கொண்டு போனார். மேசை இரண்டும் செய்து கொடுத்துக் காசும் வாங்கியாயிற்று.

பழைய மரம் எடுக்கிறவர்களுக்கு இரண்டு சொல்ல வேண்டும். இழைக்கும் முன் காந்தத்தைப் பலகை முழுக்க ஓட்டுங்கள். பெயின்டுக்குள் ஒளிந்திருக்கிற ஒரு ஆணி போதும், பிளேனர் பிளேடு பல்லிளித்துவிடும். இரண்டாவது, பழைய பெயின்டை உலர உப்புத்தாள் போட்டுத் தேய்க்காதீர்கள். நம் நாட்டில் பெயின்டில் ஈயம் 90 பி.பி.எம். (பத்து லட்சத்தில் 90 பங்கு) தாண்டக் கூடாது என்ற விதி 2017 நவம்பரில்தான் நடைமுறைக்கு வந்தது. அதற்கு முன் அடித்ததில் என்ன இருக்கும் என்று சொல்வதற்கில்லை. நான் ஈரப்படுத்திச் சுரண்டித்தான் எடுக்கிறேன். முகமூடி எப்படியும் வேண்டும். பெயின்ட் இல்லாத வெறும் மரத்தூளையே புற்றுநோய் உண்டாக்கும் பொருள்களின் முதல் வகுப்பில் வைத்திருக்கிறார்கள்.

உப்புத்தாள், வேலூர்

என்னிடம் ஒருவர் சாக்கில் சுற்றி ஒரு கட்டை கொண்டு வந்தார். வேல் செய்ய வேண்டுமாம், கருங்காலியாம். சாக்கைப் பிரித்தால் உள்ளே செக்கச் சிவப்பாகச் செம்மரம். வனத்துறைக் காகிதம் இருக்கிறதா என்று கேட்டதும் சாக்கைச் சுற்றிக்கொண்டு போய்விட்டார். சந்தனம், செம்மரம், ஈட்டி மூன்றும் எவ்வளவு சின்னத் துண்டாக வந்தாலும் நான் வாசலைத் தாண்ட விடுவதில்லை. கருங்காலி கேட்டு வருகிற கூட்டம் தனி, அதற்குத் தனியாகத்தான் எழுத வேண்டும்.

கடைசல்காரி, சென்னை

2016 டிசம்பரில் வர்தா புயலில் விழுந்த வீட்டு மாமரத்தில் ஒரு அம்மா தட்டு, கிண்ணம் எல்லாம் கடைந்து வாங்கினார். அமெரிக்காவில் இருக்கும் மகனுக்காக. அனுப்புவதும் நான்தான். தட்டு எடை இரண்டு கிலோ வராது. ஆனால் கூரியரில் நீளம், அகலம், உயரத்தைச் சென்டிமீட்டரில் பெருக்கி 5000-ஆல் வகுப்பார்கள். 60, 40, 20 பெட்டி என்றால் 9.6 கிலோவுக்குக் காசு. அந்த அம்மா கணக்கைப் பார்த்துவிட்டு, "தட்டைவிட டிக்கெட் விலை ஜாஸ்தியா இருக்கே" என்றார். தட்டுகளை ஒன்றுக்குள் ஒன்று அடங்குகிற மாதிரி கடைந்திருந்ததால் சின்னப் பெட்டியில் அடக்க முடிந்தது. இப்போதெல்லாம் வெளியூர் என்று தெரிந்தால் அளவு எடுக்கும்போதே பெட்டியை மனதில் வைத்துத்தான் கடைகிறேன். வெளிநாட்டுக்கு மரச்சட்டம் அடித்து அனுப்பாதீர்கள். அந்தச் சட்டத்துக்கு, பூச்சி சாகச் சூடேற்றிய மரம் என்ற முத்திரை கேட்பார்கள், அட்டைப் பெட்டியே போதும்.

கொட்டாப்புளிக்கு ஒரு கேள்வி. கூலியை எப்படிச் சொல்கிறீர்கள்? எனக்கு ஒவ்வொரு தடவையும் வாய் குழறுகிறது.

கொட்டாப்புளி, பட்டுக்கோட்டை

நான் கூலி என்ற சொல்லையே எடுப்பதில்லை. என் மரத்தில் செய்தால் மணை என்ன விலையோ அதைச் சொல்வேன், அதில் பலகை விலையை மட்டும் கழித்துக் காட்டுவேன். கழிகிற தொகை சின்னது என்று அவர்களுக்கே தெரிந்துவிடும். சாமில் கூலியை அங்கேயே அவர்கள் நேராகக் கட்டிவிட வேண்டும், அது என் கணக்கில் வராது. முன்பணம் பாதி. துண்டு துணுக்குகளை அவர்களே எடுத்துப் போக வேண்டும் என்பதையும் முதல் நாளே சொல்லிவிடுவேன். முன்பு நானே வைத்துக்கொண்டிருந்தேன். அதற்கு, "எங்க மரத்துல இன்னொரு மணை அடிச்சு வித்துட்டாரு" என்று ஒரு வீட்டில் பேச்சு வந்தது. இப்போது மரத்தூள் வரை சாக்கில் கட்டி வண்டியில் ஏற்றிவிடுகிறேன். அந்தப் பலா அக்கா தூளையும் வாங்கிக்கொண்டு போனார், கோழிக்கூண்டில் போடலாம் என்று.