ரைடர் கோப்பையில் ரசிகர் கூச்சல்: எல்லை எது, தடுக்க வேண்டியவர் யார்?

கொடிக்கம்பு:

ரைடர் கோப்பை என்பது ஐரோப்பாவும் அமெரிக்காவும் மோதும் கோல்ஃப் அணிப் போட்டி. 2025 செப்டம்பர் 26 முதல் 28 வரை நியூயார்க்கின் பெத்பேஜ் பிளாக் மைதானத்தில் நடந்ததை ஐரோப்பா 15–13 என்று வென்றது. ஆனால் முடிந்த பிறகு பேச்சு முழுக்கக் கூட்டத்தைப் பற்றித்தான். ஐரோப்பாவின் ரோரி மெக்கில்ராய் பந்துக்கு முன் நின்ற பிறகும் வசவு வந்துகொண்டே இருந்தது. அவர் மனைவி மேல் பானம் வந்து விழுந்தது. கூட்டத்தை உற்சாகப்படுத்த முதல் டீயில் (முதல் குழிக்கு ஆட்டம் தொடங்கும் இடத்தில்) நிறுத்தியிருந்த அறிவிப்பாளரே வசவுக் கோஷத்தில் சேர்ந்துகொண்டு, அப்புறம் பொறுப்பிலிருந்து விலகினார்.

எனக்குத் தெளிவாக வேண்டியது இதுதான். பேக்ஸ்விங்கில் (கிளப் எனும் மட்டையைப் பின்னால் ஓங்கும்போது) ஒருவர் கத்தினால் விதிப்படி ஆட்டக்காரருக்கு என்ன பரிகாரம்? மார்ஷல்களால் (கூட்டத்தைக் கவனித்துக்கொள்ளும் பணியாளர்களால்) உண்மையில் என்ன செய்ய முடியும்? மற்ற வாரங்களில் அமைதியாக நிற்கும் அதே கோல்ஃப் கூட்டம் அணிப் போட்டி என்றதும் ஏன் இப்படி ஆகிறது? விதி தெரிந்தவர்கள், போட்டி நடத்துகிற பக்கம் தெரிந்தவர்கள் விளக்கினால் நல்லது.

ஒன்பதாம் குழி:

விதியை முதலில் சொல்லிவிடுகிறேன், ஏனென்றால் அதில் இருப்பது குறைவு. கோல்ஃப் விதிகளைப் பொறுத்தவரை பார்வையாளர் என்பவர் வெளிச் சக்தி. மைதானத்துக்குள் ஓடிவந்த நாய்க்கு என்ன இடமோ அதே இடம்தான் அவருக்கும். அவர் பந்தைத் தொட்டால் விதி பேசும், வாயைத் திறந்தால் பேசாது. பேக்ஸ்விங்கில் ஒருவர் கத்திப் பந்து தண்ணீரில் விழுந்தாலும் மறு அடி கிடையாது. அடித்தது அடித்ததுதான்.

தொட்டால் என்ன ஆகும் என்பது தெளிவாக இருக்கிறது. நின்றுகொண்டிருந்த பந்தை ரசிகர் உதைத்துவிட்டாலோ எடுத்துவிட்டாலோ, அபராதம் இல்லாமல் பழைய இடத்தில் வைக்க வேண்டும் (விதி 9.6). ஓடுகிற பந்து தற்செயலாக அவர் மேல் பட்டுத் திரும்பினால் நின்ற இடத்திலிருந்தே ஆட வேண்டும் (11.1). வேண்டுமென்றே தடுத்தார் என்றால், அவர் தடுக்காவிட்டால் பந்து எங்கே போய் நின்றிருக்கும் என்று கணித்து அங்கிருந்து ஆட வேண்டும் (11.2). கிரீனில் (குழியைச் சுற்றியுள்ள வழவழப்பான புல்தரையில்) அடித்த புட் (பந்தைக் குழி நோக்கி உருட்டும் அடி) அங்கே ஒரு பார்வையாளர் மேல் பட்டால் அந்த அடி கணக்கில் வராது, மறுபடி அடிக்க வேண்டும்.

கூச்சலுக்கு எதிராக ஆட்டக்காரர் கையில் இருக்கும் ஒரே ஆயுதம், அடிக்காமல் நிறுத்துவது. கீழே இறங்கிவரும் ஸ்விங்கில்கூட, அடிக்க வேண்டாம் என்று முடிவு செய்து கிளப்பை நிறுத்திவிட்டால், அல்லது நிறுத்த முடியாமல் போய் வேண்டுமென்றே பந்தைத் தவறவிட்டால், அது அடியாகவே கருதப்படாது. ஆனால் டிரைவரில் (நீண்ட தூரம் அடிக்கும் கிளப்பில்) பேக்ஸ்விங் தொடங்கிப் பந்தைத் தொடுவதற்குச் சுமார் ஒரு வினாடிதான். அதில் கீழே இறங்கும் பகுதி கால் வினாடி. சத்தம் அந்தக் கால் வினாடிக்குள் வந்தால் எந்த ஆட்டக்காரராலும் நிறுத்த முடியாது. கத்துகிறவர்கள் தேர்ந்தெடுப்பதும் பெரும்பாலும் அந்த நொடியைத்தான் என்பதுதான் வயிற்றெரிச்சல்.

நேரத்தைப் பற்றி ஒரு வார்த்தை. ஒரு அடிக்கு 40 வினாடிக்கு மேல் எடுக்கக் கூடாது என்பது விதி 5.6-இன் பரிந்துரை. கூட்டம் கத்தி விலகி நிற்க வேண்டிவந்தால், கூடவே வரும் நடுவரிடம் உடனே சொல்லிவிட வேண்டும். ஆட்டம் தாமதமாகிறது என்று பிற்பாடு கேள்வி வரும்போது விளக்கிக்கொண்டிருப்பதைவிட அது நல்லது.

ஆட்டக்காரரும் கேடியும் (அவருடைய பையைச் சுமக்கும் உதவியாளரும்) நடந்துகொள்வது வேறு கதை. விதி 1.2-இன் கீழ் போட்டிக் குழு நடத்தை நெறி வகுத்து, அதை மீறினால் ஒரு அடி அபராதமோ குழி இழப்போ (அந்தக் குழி எதிராளிக்குப் போவது) விதிக்கலாம். கடும் குற்றம் என்றால் தகுதிநீக்கமும் செய்யலாம். கேடி செய்வதற்கு ஆட்டக்காரரே பொறுப்பு.

ஃபேர்வே ஓரம்:

மூன்றாவது கேள்விக்குக் கணக்கே பதில் சொல்லும். சாதாரண வாரத்தில் சுமார் 150 பேர் ஆடுகிறார்கள். கூட்டம் 18 குழிகளுக்கும் பரவிவிடும். ரைடர் கோப்பையின் முதல் இரண்டு நாளும் காலையில் நான்கு ஆட்டம், பிற்பகலில் நான்கு ஆட்டம், அவ்வளவுதான். வந்திருக்கும் பல்லாயிரம் பேரும் அந்த நான்கு இடங்களைச் சுற்றித்தான் மொய்க்க வேண்டும். ஒரு ஆட்டம் கடந்து போனால் அடுத்தது வரும்வரை கால் மணி நேரம் பார்க்க எதுவும் இல்லை. அந்த வெற்று நேரத்தில்தான் பாட்டு, கோஷம், குடி எல்லாம். பாட்டும் கோஷமும் தவறில்லை, ரைடர் கோப்பையின் உயிரே அதுதான். ஆட்டக்காரர் பந்துக்கு முன் வந்து நின்ற பிறகும் அது அடங்காததுதான் சிக்கல்.

பலரும் கவனிக்காத ஒன்று: கூட்டத்தைத் தடுக்கும் கயிற்றிலிருந்து ஐந்தாறு வரிசை பின்னால் நிற்பவருக்கு ஆட்டக்காரர் தெரியவே மாட்டார். அவர் கத்துவதில் பாதி விஷமம் இல்லை, அறியாமை. அவருக்குத் தெரிவது மார்ஷலின் உயர்த்திய இரண்டு கைகள் மட்டும்தான். அதனால் மார்ஷல் கையைத் தூக்கும் நேரம் முக்கியம். கேடி பையை விட்டு விலகி, ஆட்டக்காரர் பந்தை நோக்கி முதல் அடி வைக்கும்போது கை மேலே போக வேண்டும். அதற்கு ரொம்ப முன்பே தூக்கினால் கூட்டத்தால் அவ்வளவு நேரம் அடங்கியிருக்க முடியாது, சரியாக அடிக்கும் வேளையில் யாராவது பொறுமை இழப்பார்கள். பந்து கிளப்பை விட்டுப் போன பிறகுதான் கை இறங்க வேண்டும். மார்ஷல் முகம் எப்போதும் கூட்டத்தின் பக்கம் இருக்க வேண்டும். ஆட்டத்தைப் பார்க்கத் திரும்பிய மார்ஷலால் பயனில்லை.

வசைபாடுகிறவரைக் கையாளும் முறையும் இருக்கிறது. மார்ஷல் வாக்குவாதத்தில் இறங்கக் கூடாது, இறங்கினால் சுற்றியுள்ளவர்கள் வசைபாடுகிறவர் பக்கம் சேர்ந்துகொள்வார்கள். எந்த வரிசை, என்ன நிறச் சட்டை என்று மட்டும் குறித்துக்கொண்டு, பாதுகாப்புப் பணியாளரிடம் சொல்ல வேண்டும். ஆட்டம் அடுத்த குழிக்கு நகர்ந்ததும் அவரை வெளியே அழைத்துப்போக வேண்டும். புட் நடக்கும்போது இழுத்தால் அந்தச் சலசலப்பே இன்னொரு தொந்தரவு. 2016 ரைடர் கோப்பையில், ஹேசல்டினில், கேவலமாகக் கத்திய ஒருவரை மெக்கில்ராயே கைகாட்டி வெளியேற்றச் செய்தார். ஆட்டக்காரர் கைகாட்ட வேண்டிய நிலை வந்தாலே ஏற்பாட்டில் ஓட்டை இருக்கிறது என்று அர்த்தம். பெத்பேஜில் சனிக்கிழமை காவலர்களைக் கூட்டினார்கள். அதற்குள் கூட்டத்தின் தொனி உறைந்துவிட்டது. முதல் நாள் முதல் டீயில் எதை அனுமதிக்கிறோமோ அதுதான் மூன்று நாளும் ஓடும். அறிவிப்பாளர் கோஷத்தில் சேர்ந்ததை நான் எல்லாவற்றையும்விடப் பெரிய தவறாகப் பார்ப்பது அதனால்தான். நிர்வாகமே உரிமம் கொடுத்தது போல ஆகிவிட்டது.

பச்சைமேடு:

மேலே இருவரும் சொன்னதோடு ஒன்று சேர்க்க வேண்டும். சத்தம் வேறு, திடீர்ச் சத்தம் வேறு. 2012 ரைடர் கோப்பையில், மெடினாவில், அமெரிக்காவின் பப்பா வாட்சன் முதல் டீயில் கூட்டத்தைக் கத்தச் சொல்லிவிட்டு, அந்த ஆரவாரத்தின் நடுவிலேயே அடித்தார். ஐரோப்பாவின் இயன் போல்ட்டரும் அதையே செய்தார். அது அவர்களைக் குலைக்கவில்லை, ஏனென்றால் சீரான இரைச்சலுக்குள் எந்தத் தனிச் சத்தமும் துருத்திக்கொண்டு நிற்காது. முழு அமைதியில் விழும் ஒற்றை இருமல்தான் ஆளைக் கொல்லும். 

இன்னொன்று, கூட்டத்தை மட்டும் குறை சொல்லி ஆட்டக்காரர்களை விட்டுவிடக் கூடாது. 1999-இல் புரூக்லைனில் நடந்த ரைடர் கோப்பையை எடுத்துக்கொள்ளுங்கள். கடைசி நாள் 10–6 என்று பின்தங்கியிருந்த அமெரிக்கா மீண்டு வந்தது. 17-ஆவது கிரீனில் ஜஸ்டின் லெனார்ட் சுமார் 45 அடி தூரப் புட்டை உள்ளே போட்டார். உடனே அமெரிக்க ஆட்டக்காரர்கள், கேடிகள், மனைவிமார்கள் எல்லாரும் கிரீனுக்குள் ஓடிவந்தார்கள். ஆனால் குழி முடியவில்லை. ஐரோப்பாவின் ஹோசே மரியா ஒலத்தாபால் சுமார் 25 அடி தூரத்தில் சமன் செய்யும் புட்டோடு நின்றுகொண்டிருந்தார். கிரீன் காலியாகும்வரை காத்திருந்து அடித்தார், போகவில்லை. அவருடைய பந்து உருள வேண்டிய தடத்தை யாராவது மிதித்தார்களா என்று இன்றும் வாதம் நடக்கிறது. என் பார்வையில் மிதிக்காவிட்டாலும் குற்றம் குற்றமே. அவர் மனதில் கட்டியிருந்த வேகமும் வளைவும் அந்தக் காத்திருப்பில் கலைந்துவிட்டன. (2019 முதல் கிரீனில் ஷூ ஆணித் தடங்களை ஆட்டக்காரரே சரிசெய்துகொள்ளலாம். கலைந்த கவனத்தைச் சரிசெய்ய விதி இல்லை.)

அதே நாள், அதே மைதானத்தில்தான் கூட்டத்தின் வசவு தாங்காமல் ஐரோப்பாவின் காலின் மான்ட்கோமரியின் தந்தை வெளியேறினார். கோப்பை முடிவான பிறகு, 18-ஆவது கிரீனில் அமெரிக்காவின் பெய்ன் ஸ்டூவர்ட், மான்ட்கோமரியின் புட்டை விட்டுக்கொடுத்து (அடிக்காமலே உள்ளே போனதாக ஏற்றுக்கொண்டு) ஆட்டத்தையே கொடுத்தார். அன்று முழுக்கப் பட்டதற்கு அப்புறமும் இவர் புட் போட வேண்டுமா என்று ஒரு எதிராளிக்குத் தோன்றியது.

2023-இல் ரோமில் நடந்தது புரூக்லைனின் சின்ன வடிவம். 18-ஆவது கிரீனில் அமெரிக்காவின் பேட்ரிக் கான்ட்லே நீண்ட புட்டைப் போட்டதும், அவருடைய கேடி ஜோ லகாவா தொப்பியைச் சுழற்றிக்கொண்டு மெக்கில்ராய் அருகிலேயே நின்றார். மெக்கில்ராய்க்கு இன்னும் புட் பாக்கி. கான்ட்லே தொப்பி போடாததைக் கேலி செய்ய ஐரோப்பிய ரசிகர்கள் நாள் முழுக்கத் தொப்பியை அசைத்ததற்குப் பதிலடி அது. ரசிகர் செய்வதைக் கேடி திருப்பிச் செய்யலாகாது. இவர் ஆட்டத்துக்கு உள்ளே இருப்பவர்.

கொடிக்கம்பு:

எல்லாருக்கும் நன்றி. அப்படியென்றால் கூட்டம் எல்லை மீறினால் சொந்த நாட்டு அணிக்குக் குழி இழப்பு என்று விதி வைத்துவிட்டால் என்ன? அதனால் புள்ளியே போகலாம் என்றால் ரசிகர்களே ஒருவரை ஒருவர் அடக்குவார்களே? அப்புறம், விட்டுக்கொடுத்த புட்டைப் பற்றிச் சொன்னீர்கள். விட்டுக்கொடுத்தாரா இல்லையா என்ற குழப்பம் வராமல் இருக்க ஆட்டக்காரர்கள் என்ன செய்ய வேண்டும்?

ஒன்பதாம் குழி:

அந்த விதி ஒரு நாள்கூடத் தாங்காது. எதிரணிச் சட்டையை வாங்கிப் போட்டுக்கொண்டு ஒருவர் முக்கியமான புட்டில் கத்தினால், தண்டனை யாருக்கு? எந்தத் தொனியில், எந்த வினாடியில் கத்தினார் என்று நடுவர் அளக்கவும் முடியாது. இருக்கிற அதிகாரமே போதும்: டிக்கெட்டை ரத்து செய், வெளியேற்று, அதைத் தயங்காமல் முதல் நாள் காலையிலேயே செய்.

விட்டுக்கொடுப்பதில் குழப்பம் வந்தால் என்ன ஆகும் என்பதற்கு உதாரணம் 2015 சோல்ஹைம் கோப்பை (ரைடர் கோப்பை போன்ற பெண்கள் போட்டி), ஜெர்மனியின் சென்ட் லியோன் ரோட். 17-ஆவது கிரீனில் அமெரிக்காவின் ஆலிசன் லீ, விட்டுக்கொடுத்தார்கள் என்று நினைத்து ஏறக்குறைய 18 அங்குலத்தில் இருந்த பந்தை எடுத்துவிட்டார். ஐரோப்பாவின் சூசன் பெட்டர்சன், விட்டுக்கொடுக்கவில்லை என்றார். அவருடைய இணை சார்லி ஹல் ஏற்கெனவே கிரீனை விட்டு நடக்கத் தொடங்கியிருந்தார். குழி ஐரோப்பாவுக்குப் போனது, ஆட்டமும் போனது. ஆனால் அதற்குப் பிறகு அமெரிக்கா ஒற்றையர் ஆட்டங்களில் கொதித்தெழுந்து கோப்பையை 14½–13½ என்று வென்றது. பெட்டர்சன் பின்னர் மன்னிப்புக் கேட்டார்.

செய்ய வேண்டியது சுலபம். விட்டுக்கொடுப்பவர் எதிராளியின் முகத்தைப் பார்த்து வாய்விட்டுச் சொல்ல வேண்டும், நடந்துபோவது பதில் ஆகாது. கேட்கிறவர் பந்தை எடுக்கும் முன், காதில் விழவில்லை என்றால் கேட்க வேண்டும். கூட்டம் இரைந்துகொண்டிருந்தால் இன்னும் கட்டாயம். பந்துக்குப் பின்னால் நாணயத்தை வைத்துவிட்டு எடுத்தால் எந்தத் தகராறும் இல்லை, கிரீனில் குறியிட்டு எடுக்க எப்போதும் உரிமை உண்டு. எதிராளியின் செய்கையை விட்டுக்கொடுத்ததாக நியாயமாகத் தவறாகப் புரிந்துகொண்டிருந்தால், விதி 3.2-இன்படி அபராதம் இல்லாமல் திருப்பி வைக்க வேண்டும். நியாயமான காரணம் இல்லை என்றால் ஒரு அடி அபராதம். விட்டுக்கொடுத்த பிறகு திரும்பப் பெறவும் முடியாது, மறுக்கவும் முடியாது.

பச்சைமேடு:

எவ்வளவு தூரத்தில் விட்டுக்கொடுக்கலாம் என்று அடுத்து கேட்பீர்கள். அளவு கிடையாது. 1969 ரைடர் கோப்பையில், ராயல் பெர்க்டேலில், கடைசிக் குழியில் பிரிட்டனின் டோனி ஜாக்லின் பந்து இரண்டு மூன்று அடி தூரத்தில் கிடந்தது. அதைத் தவறவிட்டால் அமெரிக்காவுக்கு நேரடி வெற்றி. எதிராளியான அமெரிக்காவின் ஜாக் நிக்லாஸ், ஜாக்லினின் குறி நாணயத்தை எடுத்துக் கையில் கொடுத்து, புட்டை விட்டுக்கொடுத்துவிட்டார். போட்டி 16–16 என்று சமனில் முடிந்தது, கோப்பையை ஏற்கெனவே வைத்திருந்த அமெரிக்காவிடமே அது தங்கியது. நிக்லாஸின் சொந்தக் கேப்டன் சாம் ஸ்னீடுக்கு அது பிடிக்கவில்லை.