புகையா, தூசியா, மேகமா? செயற்கைக்கோள் படத்தில் எப்படிப் பிரிப்பது?

கேள்வி (வான்தடம்):
கியூபெக் காட்டுத்தீப் புகை நியூயார்க்கை மூடிய 2023 ஜூன் 6, 7 தேதிப் படங்களை நாசாவின் செயற்கைக்கோள் படத் தளமான வேர்ல்ட்வியூவில் பார்த்துக்கொண்டிருக்கிறேன். உண்மை நிறப் படத்தில் பழுப்புப் படலம் தெளிவாக இருக்கிறது. ஆனால் அமெரிக்க வானிலைச் செயற்கைக்கோளான கோஸ் கிழக்கின் டஸ்ட் ஆர்ஜிபியில் (தூசியை நிறம் பிரித்துக் காட்டும் அகச்சிவப்புப் படம்) சுவடே இல்லை. இரவானால் அதன் ஜியோகலர் என்ற வண்ணப் படத்திலும் காணோம். ஏரோசால் (காற்றில் மிதக்கும் நுண்துகள்) தடிமன் அடுக்கைப் போட்டால், புகை மிக அடர்த்தியான இடம்தான் காலியாக இருக்கிறது. எதை நம்புவது? புகை தரைக்கு இறங்கியதா என்று இதில் சொல்ல முடியுமா?

பதில் (அகச்சிவப்பு):
டஸ்ட் ஆர்ஜிபி காட்டாததில் கோளாறு எதுவும் இல்லை. புகைத்துகள் பெரும்பாலும் 1 மைக்ரோமீட்டருக்கும் சிறியது. 10 மைக்ரோமீட்டர் அகச்சிவப்பு அலை அதைக் கண்டுகொள்ளாமல் கடந்துவிடும். தூசி பெரியது, சிலிகேட் கலந்தது, 12.3 மைக்ரோமீட்டர் அலையை விட 10.3 மைக்ரோமீட்டர் அலையை அதிகமாக விழுங்கும். இரண்டு அலைகளிலும் அளக்கும் வெப்பநிலையின் வித்தியாசம்தான் இளஞ்சிவப்பாகத் தெரிகிறது. இரவு ஜியோகலரும் அகச்சிவப்புதான், அதனால் புகை மறைகிறது. நிலா வெளிச்சம் இருந்தால் துருவச் செயற்கைக்கோள்களில் உள்ள விர்ஸ் கருவியின், மங்கிய ஒளியையும் பிடிக்கும் பகல்/இரவு பட்டையைப் பாருங்கள். தீ எரியும் இடம் மட்டும் வேண்டுமென்றால் 3.9 மைக்ரோமீட்டர் அகச்சிவப்புப் படம் போதும். புகைக்கு அடியில் இருந்தாலும் தெரியும், மேகம் வந்தால்தான் மறையும்.

பதில் (துகள்மானி):
காலி இடம் மேக வடிகட்டியின் வேலை. அடர்ந்த புகை பளிச்சென்று இருப்பதால் கணிமுறை அதை மேகம் என்று ஒதுக்கிவிடுகிறது. காலி என்றால் சுத்தமான காற்று என்று தயவுசெய்து படிக்காதீர்கள். அங்கே ட்ரோபோமி என்ற செயற்கைக்கோள் கருவியின் புற ஊதா ஏரோசால் குறியீட்டைப் போடுங்கள். மேகத்துக்கு மேலே உள்ள புகையைக்கூடப் பிடிக்கும். கூடவே கார்பன் மோனாக்சைடு அடுக்கு. குறியீடும் வாயுவும் சேர்ந்து உயர்ந்தால் புகை; குறியீடு மட்டும் உயர்ந்தால் பெரும்பாலும் தூசி. இரண்டு குறைகள் உண்டு: ஒரு நாளைக்கு ஒரு முறை, பிற்பகல் 1.30 வாக்கில்தான் கடக்கும். தரையை ஒட்டிய புகைக்குக் குறியீடு மங்கிவிடும்.

இன்னொன்று: சூரியன் தாழ்ந்திருக்கும் காலையிலும் மாலையிலும் புகை எடுப்பாகத் தெரியும், உச்சிவேளையில் மங்கும். அசைபடத்தில் "மாலையில் புகை கூடியது" என்று தோன்றுவது பல நேரம் ஒளிக்கோணத்தின் விளைவு.

பதில் (கீழ்க்காற்று):
உயரம்தான் சிரமமான கேள்வி. படம் காட்டுவது மேலிருந்து கீழ்வரை உள்ள மொத்தத்தை. 5 கி.மீ. உயரத்தில் போகும் புகையால் வானம் பால்நிறமாகும், தரையில் மூச்சுத்திணறல் இருக்காது.

முதலில் கோஸ் அசைபடத்தில் புகையின் முன்விளிம்பு நகர்ந்த தூரத்தை அளந்துகொள்ளுங்கள். 3 மணி நேரத்தில் 150 கி.மீ. நகர்ந்தால் வேகம் மணிக்கு 50 கி.மீ. அதை 850, 700, 500 ஹெக்டோபாஸ்கல் (சுமார் 1.5, 3, 5.5 கி.மீ. உயரம்) காற்றுவரைபடங்களோடு ஒப்பிட்டு, திசையும் வேகமும் எந்த மட்டத்தில் பொருந்துகிறதோ அதைக் குறியுங்கள். பிறகு ஹைஸ்பிளிட்டில் (காற்று வந்த பாதையைக் கணக்கிடும் கருவி) நியூயார்க்கிலிருந்து 48 மணி நேரம் பின்னோக்கி, 500, 1500, 3000 மீட்டரில் மூன்று பாதைகள். நேரம் யூடிசியில் (உலகப் பொது நேரம்) கொடுக்க வேண்டும்: நியூயார்க்கில் ஜூன் 7 பிற்பகல் 2 மணி என்றால் 18 மணி. இங்கே தவறினால் பாதை வேறெங்கோ போய் நிற்கும். அந்த நாட்களில் மெய்ன், நோவா ஸ்கோஷியா பக்கம் நின்ற தாழ்வழுத்தத்தைச் சுற்றிய வடக்குக் காற்றுதான் புகையைத் தெற்கே இழுத்து வந்தது.

கடைசியில் தரைச் சான்று இல்லாமல் முடிவு சொல்லாதீர்கள். பிஎம்2.5 (2.5 மைக்ரோமீட்டரும் அதற்குக் குறைவுமான துகள்கள்) மணிநேர அளவும் விமானநிலைய வானிலை அறிக்கையான மெட்டாரும் பாருங்கள். மெட்டாரில் எஃப்யூ என்றால் புகை, டியூ என்றால் தூசி. பக்கத்திலேயே பார்வைத்தூரமும் இருக்கும்.

கேள்வி (வான்தடம்):
மிக்க நன்றி. அட்லாண்டிக் கடக்கும் சகாரா தூசிக்கு டஸ்ட் ஆர்ஜிபி மட்டும் போதுமா?

பதில் (அகச்சிவப்பு):
ஆப்பிரிக்கக் கரை வரை போதும். பாலைவனத்தின் மேல் உண்மை நிறத்தில் தூசி மணலோடு கலந்துவிடும், அங்கே இதுதான் கைகொடுக்கும். கரீபியன் நெருங்கும்போது தூசி மெலியும், காற்றின் ஈரமும் அந்த வெப்பநிலை வித்தியாசத்தை எதிர்த்திசையில் இழுத்து நிறத்தை வெளுக்கச் செய்யும். அங்கிருந்து உண்மை நிறத்துக்கும் ஏரோசால் தடிமனுக்கும் மாறுங்கள். கடலில் சூரியன் பிரதிபலிக்கும் பட்டையில் தடிமன் அளவு கிடைக்காது. அடுத்த கடப்பில் பட்டை நகர்ந்திருக்கும், அதில் நிரப்பிக்கொள்ளலாம்.