பி. சீனிவாச ராவ்: 1952 சட்டம் நிலம் கொடுத்ததா?

தெம்பனிஸ் வாசகி:
வணக்கம். சிங்கப்பூரில் ஏப்ரல் தமிழ்மொழி விழாவுக்குச் சமூக மன்றத்தில் உயர்நிலை மாணவர் ஒருவர், தஞ்சை விவசாயிகள் சங்கத் தலைவர் பி. சீனிவாச ராவ் (பி.எஸ்.ஆர்.) பற்றி ஐந்து நிமிடம் பேசுகிறார். "1952இல் பண்ணையாள்களுக்கு நிலம் வாங்கித் தந்தார்" என்று எழுதியிருக்கிறார். சரிதானா?

வெண்ணாறு:
அந்த வரியை எடுத்துவிடச் சொல்லுங்கள். 1952 தஞ்சாவூர் சாகுபடியாளர், பண்ணையாள் பாதுகாப்புச் சட்டம் ஒரு குழி நிலம்கூட யாருக்கும் தரவில்லை. நினைத்த நேரத்தில் ஆளை வெளியேற்றுவதைத் தடுத்தது. வாரதாரருக்கு விளைச்சலில் ஐந்தில் இரண்டு பங்கு என்றது. அதுவே அன்று பெரிய வெற்றி. ஆனால் ஒரே ஊரில் ஒரு வேலிக்கு மேல் வைத்திருந்த மிராசுதார்களுக்குத்தான் பொருந்தும். அதற்குக் கீழே வைத்திருந்தவர்களிடம் வேலை பார்த்தோருக்கு அதனால் பயனில்லை.

'வேலி' என்றால் இங்குள்ள பிள்ளைகள் மூங்கில் தடுப்பு என்று நினைப்பார்கள். 20 மா ஒரு வேலி, சுமார் 6.67 ஏக்கர். நான்கு காற்பந்துத் திடல் என்று சொன்னால் உடனே புரியும்.

பழைய ஏடு:
பண்ணையாளும் வாரதாரரும் வேறு வேறு, கலந்துவிடக் கூடாது. பண்ணையாள் கூலிக்கு உழைப்பவர், வாரதாரர் பங்குக்குப் பயிரிடுபவர். பேச்சின் உயிர் சட்டத்தில் இல்லை. சாணிப்பாலும் (சாணியைக் கரைத்துக் குடிக்க வைப்பது) சவுக்கடியும் தண்டனையாக இருந்த தஞ்சை ஊர்களுக்கு, கன்னடம் தாய்மொழியான ஒருவர் 1943இல் வந்து, தமிழ் கற்று, சேரிகளிலேயே தங்கிச் சங்கம் கட்டினார். மூன்று நிமிடத்தை இதற்குக் கொடுங்கள்.

விக்டோரியா ஸ்திரீட் நூலகத்தில் தேடும்போது சீனிவாசராவ், ஸ்ரீநிவாஸ ராவ் என இரண்டு விதமாகவும் தேடுங்கள். பழைய அச்சில் லை, ணை எல்லாம் தும்பிக்கை வைத்த எழுத்தாக இருக்கும்; கணினித் தேடல் அங்கேதான் தவறும். பக்கத்தைத் திறந்து கண்ணால் பார்க்க வேண்டும்.

தெம்பனிஸ் வாசகி:
மிக்க நன்றி. ஒரு குடும்பம் அதிகபட்சம் எவ்வளவு நிலம் வைத்துக்கொள்ளலாம் என்ற 1961 நில உச்சவரம்பை '30 ஏக்கர்' என்று சொல்லலாமா?

வெண்ணாறு:
'30 தர ஏக்கர்' என்றே சொல்லட்டும். ஐந்து பேர் கொண்ட குடும்பத்துக்கான அளவு அது. நிலவரி விகிதத்தை வைத்துத் தர ஏக்கரைக் கணக்கிட்டார்கள். அதனால் வரி குறைந்த புஞ்சை என்றால் 30 ஏக்கருக்கு மேலும் வைத்துக்கொள்ளலாம். போதாததற்குச் சீதன நிலம் 10 தர ஏக்கர் தனி. இந்த ஓட்டைகளை அடைக்கச் சொல்லித்தான் விவசாயிகள் சங்கம் போராடியது. அதே ஆண்டு செப்டம்பர் 30 அன்று பி.எஸ்.ஆர். காலமானார். உச்சவரம்பு 15 தர ஏக்கராகக் குறைந்தது 1970இல்.