புதுப்பிப்பு: பெரியப்பாட துவக்குப் பிடங்கு

போன மாரிக்கு முன்னம் இங்க கேட்டிருந்தன்: வெல்லாவெளியில வயல் காவலுக்கு லைசன்ஸோட பெரியப்பா வச்சிருக்கிற துவக்கில மரப் பிடங்கு (தோளில வச்சுப் பிடிக்கிற கட்டை) பிளந்திட்டு, பிளாஸ்டிக் போடுறதா, மரத்தையே திருத்துறதா எண்டு. மரத்தையே திருத்தியாச்சு.

பிடங்கை மட்டும் கழற்றி ஆரையம்பதி ஓடாவியாரிட்டக் கொண்டுபோனம். அவர் பழைய வார்னிஷைச் சுரண்டச் சுரண்ட, வால்நட் மரத்தின்ட ரேகை தேன் நிறத்தில, தண்ணி சுழிக்கிற மாதிரி எழும்பி வந்திச்சு. கை பிடிக்கிற இடத்துப் பிளவுக்குள்ள பசை இறக்கி, மெல்லிய மர ஆணி அறைஞ்சார். பிறகு ஆளிவிதை எண்ணெய். உள்ளங்கை சூடேறத் தேய்ச்சு, காயவிட்டு, திரும்பவும் தேய்க்கணும். அந்த மணம் இன்னும் என்ட கையில இருக்கு.

பிளாஸ்டிக்தான் நல்லமெண்டு சொன்ன ஆக்கள் சொன்னதிலயும் உண்மை இருக்கு. மரம் ஈரம் குடிச்சு ஊதும். ரைபிள் எண்டா அது குழாயில முட்டிக் குறி விலகும். ஆனா 1898ல வந்த மவுசர் ரைபிளும் மரப் பிடங்கோடதான் காடும் போரும் கண்டது.

கன்னம் வைக்கிற இடத்தில பெரியப்பாட வியர்வை கறுப்பாப் படிஞ்சிருக்கு. அதை மட்டும் சுரண்ட வேணாமெண்டு நான்தான் சொன்னன். நேற்றுப் பிடங்கைக் கையில வாங்கின பெரியப்பா, அந்தக் கறுப்பைப் பெருவிரலால தடவிக்கொண்டு கனநேரம் பேசாம இருந்தார்.