கோப்புப் பகிர்வுத் தீர்ப்புகள்: ஒன்றுக்குக் கொண்டாட்டம், இன்னொன்றுக்குக் கொந்தளிப்பு ஏன்?

வெள்ளவத்தை விரிவுரையாளர் (கேள்வி)

அனைவருக்கும் வணக்கம். கொழும்பில் ஊடகக் கற்கைநெறி ஒன்றில் பகுதிநேரமாகக் கற்பித்து வருகிறேன். பதிப்புரிமை பற்றிய வகுப்புக்காக மூன்று வழக்குகளை எடுத்துக்கொண்டபோது, தீர்ப்புகளைவிட அவற்றை மக்கள் ஏற்றுக்கொண்ட விதமே மாணவர்களிடையே கூடுதலான வாதத்தைக் கிளப்பிவிட்டது.

முதலாவது, பைரட் பே என்னும் கோப்புப் பகிர்வுத் தளத்தோடு தொடர்புடைய நால்வருக்கு சுவீடனின் ஸ்டொக்ஹோம் மாவட்ட நீதிமன்றம் 2009 ஏப்ரல் 17 அன்று தலா ஓராண்டுச் சிறையும், கூட்டாக 3 கோடி குரோனர் இழப்பீடும் விதித்த வழக்கு. மறுநாளே வீதியில் ஆர்ப்பாட்டம் நடந்தது. கோப்புப் பகிர்வை ஆதரிக்கும் சுவீடன் அரசியல் கட்சியான பைரட் கட்சியின் உறுப்பினர் தொகை ஒரு வாரத்துக்குள் இரட்டிப்பைத் தாண்டியது. ஜூனில் நடந்த ஐரோப்பிய நாடாளுமன்றத் தேர்தலில் அக்கட்சி சுவீடனில் 7.1 சதவீத வாக்குகளைப் பெற்று ஆசனமும் வென்றது.

இரண்டாவது, டெல்லிப் பல்கலைக்கழக வளாகத்தில் இயங்கிய ஒரு சிறிய போட்டோகொப்பிக் கடைமீது ஒக்ஸ்போர்ட், கேம்பிரிட்ஜ், டெய்லர் அன்ட் பிரான்சிஸ் ஆகிய பதிப்பகங்கள் 2012இல் தொடுத்த வழக்கு. பாடத்திட்டத்துக்கு வேண்டிய பகுதிகளைப் பிரதியெடுத்துத் தொகுத்து மாணவருக்கு விற்றது குற்றமன்று என்று டெல்லி உயர் நீதிமன்றம் 2016 செப்டெம்பரில் தீர்ப்பளித்தபோது, அது ஏறத்தாழத் திருவிழாவாகவே கொண்டாடப்பட்டது.

மூன்றாவது, இன்டர்நெட் ஆர்கைவ் என்னும் அமெரிக்க எண்ணிம நூலகம் அச்சு நூல்களை ஸ்கேன் செய்து இணையவழி இரவல் கொடுத்ததற்கு எதிராக நான்கு அமெரிக்கப் பதிப்பகங்கள் வென்ற வழக்கு. 2023 மார்ச்சில் மாவட்ட நீதிமன்றமும், 2024 செப்டெம்பரில் மேன்முறையீட்டு நீதிமன்றமும் பதிப்பகங்களின் பக்கமே நின்றன. வாசகர்கள் துக்கம் அனுஷ்டித்தார்கள். அமெரிக்க எழுத்தாளர் சங்கம் வரவேற்றது.

அனுமதியின்றிப் பிரதி எடுப்பது என்பதுதான் மூன்றிலும் உள்ள விடயம். அப்படியிருக்க, மக்களின் எதிர்வினை இவ்வளவு மாறுபடுவதை எதைக்கொண்டு விளக்குவது? எங்கள் ஊரில் இத்தகைய தீர்ப்பு ஒன்று வந்தால் என்ன நடக்கும் என்றும் ஒரு மாணவி கேட்டார். அறிந்தவர்கள் கூறினால் நன்றாயிருக்கும்.

புதுக்கடைச் சட்டத்தரணி

விரிவுரையாளர் அவர்களே, மூன்றும் ஒரே விடயம் என்று தொடங்குவதிலேயே சிக்கல் இருக்கிறது. பைரட் பே வழக்கில் கேள்வி, பிறர் செய்யும் மீறலுக்கு அந்த நால்வரும் உடந்தையாக இருந்தார்களா என்பது. டெல்லியில், ஆசிரியரும் மாணவரும் கற்பித்தலின் போக்கில் செய்யும் பிரதிக்கு இந்தியச் சட்டமே வழங்கியிருக்கும் விலக்கு எவ்வளவு தூரம் செல்லும் என்பது. அமெரிக்காவில், முழு நூலை ஸ்கேன் செய்து இரவல் கொடுப்பது நியாயமான பயன்பாட்டுக்குள், அதாவது அனுமதியின்றியே பயன்படுத்தச் சட்டம் இடமளிக்கும் வரம்புக்குள், அடங்குமா என்பது. பொதுமக்கள் இந்த வேறுபாட்டைப் பார்ப்பதில்லை என்பது உண்மைதான். ஆனால் அவர்கள் பார்க்கிற ஒன்று இருக்கிறது; அது தண்டனையின் அளவு.

அமெரிக்காவின் மினசோட்டாவில் ஒரு பெண், 24 பாடல்களைப் பகிர்ந்ததற்காக இசை நிறுவனங்களால் வழக்குக்கு இழுக்கப்பட்டார். 2007இல் ஜூரி விதித்த தொகை 2,22,000 டொலர், அதாவது பாடலொன்றுக்கு 9,250 டொலர். மறுவிசாரணையில், 2009இல், அது 19 இலட்சத்து 20 ஆயிரமாக ஏறியது. அந்தத் தொகை அதிர்ச்சியளிக்கிறது என்று கண்ட நீதிபதியே அதை 54,000 ஆகக் குறைத்தார். மூன்றாம் முறை கூடிய ஜூரி 15 இலட்சம் என்றது. இறுதியில், 2012இல், மேன்முறையீட்டு நீதிமன்றம் முதலில் விதித்த 2,22,000 டொலரையே நிலைநிறுத்தியது. அவர் பகிர்ந்தார் என்பதில் ஐயப்பட்டவர்கள் அதிகம் இல்லை. ஆயினும் அனுதாபம் முழுவதும் அவர் பக்கமே போனது. சட்டம் ஒரு படைப்புக்கு 750 டொலர் முதல், வேண்டுமென்றே செய்த மீறலாயின் 1,50,000 டொலர் வரை விதிக்க இடமளித்ததால், உண்மையான நட்டத்தை ஒருவரும் கணக்கிட்டுக் காட்ட வேண்டியிருக்கவில்லை. தீர்ப்பின் நியாயத்தை வாசிக்காதவரும் தொகையை வாசிப்பார்.

சுவீடனைப் பற்றியும் ஒன்று சொல்ல வேண்டும். மேன்முறையீட்டில், 2010 நவம்பரில், மூவரின் சிறைக்காலம் குறைக்கப்பட்டு இழப்பீடு 4 கோடி 60 இலட்சம் குரோனராக உயர்த்தப்பட்டது. அதற்கு இரண்டு மாதங்களுக்கு முன் நடந்த சுவீடன் பொதுத் தேர்தலில் அதே பைரட் கட்சி பெற்ற வாக்கு 0.65 சதவீதம். முந்திய ஆண்டுக் கோபத்தைத் தேசத்தின் மனநிலை என்று எடுத்துக்கொண்டவர்கள் இந்த எண்ணைப் பேசுவதில்லை. 2008 ஒக்டோபரில் ஸ்பொட்டிஃபை என்னும் இணைய இசைச் சேவை அங்கே தொடங்கப்பட்டதை இதனோடு சேர்த்துப் பார்க்கலாம். கேட்க வேண்டியதைச் சட்டப்படி கேட்க வழி திறந்தபின் வீதிக்கு இறங்கும் வேகம் குறைந்தது என்பது என் கணிப்பு.

கொட்டாஞ்சேனைப் பதிப்பாளர்

சட்டத்தரணி ஐயா அமெரிக்கத் தொகைகளைச் சொல்கிறார். எங்களுடைய தொகையையும் கொஞ்சம் கேளுங்கள். ஒரு கவிதை நூலை 300 பிரதிகள் அச்சிடுகிறோம். வெளியீட்டு விழாவில் கொஞ்சம் போகும், மிச்சம் புத்தகக் கடைகளில் கணக்கு வைத்து ஆறுமாதம் கழித்துக் காசு வாங்க வேண்டியவை. அதற்குள் ஒரு நல்ல உள்ளம் முழு நூலையும் பிடிஎஃப் ஆக்கி வட்ஸ்அப் குழுக்களில் போட்டுவிடும். கீழே, தமிழ் வளர்க என்று ஒரு வரியும் சேர்த்து.

டெல்லித் தீர்ப்பை எங்கள் நண்பர்கள் எப்போதும் எனக்கு எதிராக எடுத்து வீசுகிறார்கள். அதை எப்போதாவது வாசித்தார்களா என்று கேட்கத் தோன்றுகிறது. அங்கே பேசப்பட்டது பாடத்திட்டத்தில் குறிக்கப்பட்ட பகுதிகளைப் பற்றி. வழக்குப் போட்டவை உலகப் பெரும் பதிப்பகங்கள். 2016 டிசெம்பரில் இரு நீதிபதிகள் அமர்வு கற்பித்தலுக்கான விலக்கை ஏற்றுக்கொண்டாலும், பிரதி எடுக்கப்பட்டவை உண்மையில் பாடத்துக்கு வேண்டியவையா என்பதை விசாரிக்கும்படி வழக்கைத் திருப்பி அனுப்பியது. பதிப்பகங்கள் 2017 மார்ச்சில் வழக்கை விட்டு விலகியதால் அது விசாரிக்கப்படாமலே போனது. இதிலிருந்து ஒரு கவிஞரின் முழு நூலையும் இனாமாகச் சுற்றுக்கு விடும் உரிமை எங்கே கிடைக்கிறது?

இன்னொன்று. டெல்லியில் மக்கள் கடைக்காரர் பக்கம் நின்றதற்கு ஒரு பெரிய காரணம், எழுதியவர்களே அப்பக்கம் நின்றது. அமர்த்தியா சென் தம் பதிப்பகத்துக்கே கடிதம் எழுதினார். 300க்கும் மேற்பட்ட கல்வியாளர்கள் வழக்கைக் கைவிடும்படி கேட்டுக் கையொப்பமிட்டார்கள். அவர்களுக்குச் சம்பளம் பல்கலைக்கழகத்திலிருந்து வருகிறது. நூல் பரவினால் அவர்களுக்கு நன்மையே. எங்கள் எழுத்தாளருக்கு அப்படி ஒரு சம்பளம் யார் கொடுக்கிறார்கள்?

ஓய்வுபெற்ற நூலகர்

பதிப்பாளர் தம்பியின் வருத்தம் நியாயமானது; அச்சில் இருக்கும் நூலைப் பற்றி அவர் சொன்னதில் எனக்கு மறுப்பில்லை. ஆனால் அவர் பேசுவது விற்பனையில் இருக்கும் நூலைப் பற்றி. இன்டர்நெட் ஆர்கைவ் தீர்ப்பைக் கேட்டு என் போன்றவர்கள் வருந்தியது கடையில் இல்லாத நூல்களுக்காக.

அந்த அமைப்பு முதலில் செய்துவந்தது, கையிலுள்ள ஓர் அச்சுப் பிரதிக்கு ஒரு நேரத்தில் ஓர் இரவல் என்ற முறையில். 2020 மார்ச்சில், பெருந்தொற்றினால் நூலகங்கள் பூட்டப்பட்டபோது, அந்த வரம்பை நீக்கி ஒரே நூலைப் பலருக்கு ஒரே நேரத்தில் கொடுத்தது. ஜூனில் வழக்கு வந்தது. அந்த வரம்பு நீக்கத்தை நான் ஆதரிக்கவில்லை. அது பதிப்பகங்களுக்குத் தட்டில் வைத்துக் கொடுத்த ஆயுதம். ஆனால் நீதிமன்றம் அதோடு நிற்காமல், ஒன்றுக்கு ஒன்று என்ற பழைய முறையையும் ஏற்க மறுத்தது. மேன்முறையீட்டு நீதிமன்றம் இது வணிக நோக்கமற்ற செயல் என்று ஒப்புக்கொண்டும், முடிவை மாற்றவில்லை. 5 இலட்சத்துக்கும் மேற்பட்ட நூல்கள் இரவலிலிருந்து நீக்கப்பட்டன.

1981இல் யாழ்ப்பாணப் பொது நூலகத்தோடு எரிந்தவை ஏறத்தாழ 97,000 நூல்கள். ஒரே ஒரு பிரதி ஒரே ஓர் அலுமாரியில் இருப்பது என்ன ஆபத்து என்பதை எங்களுக்கு யாரும் விளக்க வேண்டியதில்லை. 2005இல் தொடங்கிய நூலகம் என்னும் எண்ணிம நூலகத்தை ஈழத்து வாசகர்கள் இவ்வளவு உரிமையோடு பார்ப்பதும் அதனால்தான். எங்கள் சட்டத்தில் பதிப்புரிமை, ஆசிரியர் இறந்து 70 ஆண்டுகள் வரை நீடிக்கிறது. 1985இல் இறந்த ஒருவர் 1960களில் வெளியிட்ட சிறுநூல் 2055 வரை பாதுகாப்பில் இருக்கும். அவருடைய வாரிசுகள் கனடாவிலோ நோர்வேயிலோ இருப்பார்கள், அப்படி ஒரு நூல் இருந்ததே பேரப்பிள்ளைகளுக்குத் தெரியாது. அனுமதி கேட்க ஆளில்லாத நூலுக்கும், நேற்று வெளிவந்த நூலுக்கும் ஒரே அளவுகோலைப் பிடிக்கும்போதுதான் மக்கள் நீதிமன்றத்தின்மேல் நம்பிக்கை இழக்கிறார்கள்.

பம்பலப்பிட்டி இணையப் பொறியியலாளர்

சுருக்கமாக ஒன்று. 2012இல் ஒரு தமிழ்ப் படத்தைக் காக்க சென்னை உயர் நீதிமன்றம் அளித்த தடையுத்தரவை வைத்துக்கொண்டு, இந்திய இணையச் சேவை நிறுவனங்கள் காணொளித் தளமான விமியோ போன்ற தளங்களை முழுமையாகவே மூடின. அனொனிமஸ் என்னும் இணைய ஊடுருவல் குழு அரச தளங்களைத் தாக்கியது. மும்பை உட்படப் பல நகரங்களில் முகமூடி அணிந்து ஆர்ப்பாட்டம் செய்தார்கள். அதே ஆண்டு ஜூனில் நீதிமன்றம், குறிப்பிட்ட முகவரிகளை மட்டுமே தடுக்க வேண்டும், தளத்தை முழுவதுமாக அல்ல என்று தெளிவுபடுத்தியது. ஆகவே மக்கள் கோபப்பட்டது தீர்ப்பின்மீதா, அதை நிறைவேற்றியவர்களின் அவசரத்தின்மீதா என்பதையும் மாணவர்களிடம் கேளுங்கள்.

வெள்ளவத்தை விரிவுரையாளர்

எல்லோருக்கும் நன்றி. தண்டனையின் அளவு, மாற்று வழி உண்டா என்பது, படைப்பாளர் எந்தப் பக்கம் நிற்கிறார் என்பது ஆகியவற்றை வைத்தே அடுத்த வகுப்பை நடத்தப் பார்க்கிறேன். சட்டத்தரணி அவர்களிடம் மட்டும் மாணவியின் கேள்வியைத் திரும்பவும் வைக்கிறேன்: டெல்லி வழக்கு கொழும்பில் நடந்திருந்தால்?

புதுக்கடைச் சட்டத்தரணி

எங்களுடையது 2003 ஆம் ஆண்டின் 36 ஆம் இலக்கப் புலமைச் சொத்துச் சட்டம். அதன் 11 ஆம் பிரிவு அமெரிக்கப் பாணியிலானது: விமர்சனம், செய்தி, கற்பித்தல், ஆராய்ச்சி முதலியவற்றுக்கான நியாயமான பயன்பாட்டை அனுமதிக்கிறது, வகுப்பறைக்கென எடுக்கும் பல பிரதிகளையும் பெயர் சொல்லியே குறிப்பிடுகிறது. ஆனால் இந்தியச் சட்டத்தைப் போல அது தனித்த விலக்காக நிற்கவில்லை. பயன்பாட்டின் நோக்கம், படைப்பின் தன்மை, எடுத்த அளவு, சந்தைக்கு நேரும் பாதிப்பு ஆகிய நான்கையும் நீதிபதி நிறுத்துப் பார்ப்பார். கடைக்காரர் இலாபத்துக்கு விற்றார் என்பது இங்கே அவருக்கு எதிராகக் கூடுதலாகப் பேசும். தனிப்பட்ட தேவைக்கு ஒரு பிரதி எடுக்க 12 ஆம் பிரிவு இடமளித்தாலும், ஒரு நூலின் பெரும்பகுதிக்கு அது செல்லாது. ஆகவே பதிப்பாளர் சொன்ன வட்ஸ்அப் பிடிஎஃப்புக்கு அங்கே புகலிடம் இல்லை.

நூலகர் ஐயாவுக்கு ஓரளவு ஆறுதல் உண்டு. இலாப நோக்கமற்ற நூலகம், தொலைந்த அல்லது சிதைந்த பிரதிக்குப் பதிலாக ஒரு பிரதி எடுக்க அதே பிரிவு வழிவிடுகிறது; நியாயமான முறையில் வேறு பிரதி பெற முடியாது என்பது நிபந்தனை. அதை எல்லோரும் பார்க்க இணையத்தில் ஏற்றுவது வேறு கதை. அதற்கு வாரிசுகளின் எழுத்துமூல அனுமதியைத் தேடித்தான் ஆகவேண்டும். கனடாவுக்கு ஒரு மின்னஞ்சல் எழுதுவதில் தொடங்கலாம், ஐயா.